வசந்தா சேச்சி மறுத்துப் பேசவில்லை

போன வாரம் ஒரு நாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தம்பி கணேசன் போன் செய்தான். “அக்கா, வசந்தா சேச்சி போயிட்டாவ.” எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியே சிகிச்சை தந்த அவரை உங்களில் பலருக்குத் தெரியும். புற்றுநோய் சில மாதங்களில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கணேசனுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. அம்மா சோற்றில் விஷம் வைப்பதாக அவை சொல்லின. கரமனையில் எங்கள் வீட்டில் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். டாக்டர் தந்த மாத்திரையில் குரல்கள் தணிந்தன, பயம் தணியவில்லை. பிறகு மாத்திரையையும் துப்ப ஆரம்பித்தான். கெஞ்சினோம், அதட்டினோம். “அப்படி ஒண்ணும் இல்லடே” என்று அம்மா அவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தாள்.

கடைசியில் டாக்டர் அவனை வசந்தாவிடம் அனுப்பினார். அவர் எதையும் மறுக்கவில்லை. “பெத்த அம்மையே விஷம் வைக்காவன்னு நெனைச்சுட்டு அதே வீட்டில இருக்கது எத்தற பயமா இருக்கும், மோனே!” என்றார், மலையாளம் கலந்த தன் தமிழில். நோய் வந்தபின் அன்றுதான் கணேசன் அழுதான்.

வாரந்தோறும் அவரிடம் போனான். மாத்திரையைத் துப்புவது ஏன் என்று அவரிடம் மட்டும் சொன்னான். “நாக்கு தடிச்சுப் போவுது, கழுத்து ஒரு பக்கமா இழுக்குது. அதுலயும் விஷம்தான்.” அது மருந்தின் பக்கவிளைவு. வசந்தா அப்போதே அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மருந்தை மாற்றினார். வசந்தா வெளியே காத்திருந்த எங்களிடம் வந்து, “மாத்திரை இல்லேன்னா இவனுக்கு என் பேச்சு காதில விழாது. பேச்சு இல்லேன்னா மாத்திரை தொண்டையில இறங்காது. ரெண்டும் வேணும், கேட்டோ” என்றார்.

அவன் தேறிவந்த சமயத்தில் அம்மா மாரடைப்பில் இறந்தாள். கடைசிவரை அவள் கையால் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதன்பிறகுதான் சந்தேகம் முழுதாக விலகியது. விலகினால் நிம்மதி வரும் என்றிருந்தோம். “அம்மா ஒண்ணும் செய்யலேன்னா, நான் அவளுக்கு என்ன செஞ்சிருக்கேன், சேச்சி?” என்று கேட்டான். செத்துப்போக வேண்டும் என்றான்.

எல்லாம் நோய் செய்தது என்று சொல்லி அவர் அவன் வாயை அடைக்கவில்லை. “இந்தக் கேள்வியோட நீ ஒத்தையில இருக்கக் கூடாது. நாளைக்கும் வா.” டாக்டரிடமும் அன்றே சொன்னார். அந்த மழைக்காலம் முழுக்க நானும் அவனும் குடை பிடித்துக்கொண்டு போய்வந்தோம். பல நாள் அவன் பேசவே இல்லை. அவர் கூடவே உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் வசந்தாவை எரித்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் கணேசன் என் பக்கம் குனிந்தான். “அக்கா, இன்னைக்குக் குரல் கேக்குது. சேச்சி செத்ததும் என்னாலதான்னு சொல்லுது.”

‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். “வேற என்ன சொல்லுது?” என்று கேட்டேன். கரமனை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். இறங்கியதும், “நாளைக்கு டாக்டரைப் பாக்கணும். கூட வாறியா?” என்றான்.

மறுக்காமல் ‘வேற என்ன’ என்று கேட்க எனக்கு வேறு யாரும் சொல்லித்தரவில்லை. வசந்தா எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.