நாக்கில் கிடைத்த ஜவ்வரிசி

கிழக்குத் தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் ஹில்டா 1974-இல் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை ஸ்லைடு கழுவுவது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் படிப்பில்லை. கழுவிக்கொண்டே கவனித்து, நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டை மெழுகில் பதிக்கவும், வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவவும், சாயம் ஏற்றவும் கற்றுக்கொண்டார். பத்து வருஷத்தில் கூடமே அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வரும் டாக்டர் வைத்தீஸ்வரன் ஸ்லைடுகளைப் பார்த்து முடிவு எழுதுவார்.

சதை வந்த புட்டியை, முடிவில் கையெழுத்து விழும்வரை ஹில்டா கொட்டமாட்டார். சதை கெடாமலிருக்க ஊற்றும் பார்மலின் மட்டும் மிச்சமிருந்தாலும் தேதி எழுதி அலமாரியில் வைப்பார். பெருக்க வரும் எல்லம்மாவுக்கு அந்த அலமாரியைக் கண்டாலே ஆகாது.

"இன்னாக்கா, ஊறுகா கட வெச்சுகினு கீற? மூக்கு எரியுது."

"உனக்கு ஒரு புட்டி எடுத்து வெக்கட்டுமா? கஞ்சிக்குத் தொட்டுக்க."

1987 ஆகஸ்டில் அஸ்தினாபுரத்திலிருந்து சுந்தரவல்லி என்ற பூகோள டீச்சர் வந்தார். நாக்கின் இடது ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. பல் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் வெட்டும்போது அது உடைந்து தண்ணீர் தெறித்தது. நர்ஸ் பஞ்சால் ஒற்றி, அந்தப் பஞ்சையும் சதையோடு புட்டியில் போட்டு அனுப்பினார்.

ஸ்லைடைப் பார்த்த வைத்தீஸ்வரன் உதட்டைப் பிதுக்கினார். "சுவர் மாதிரி தடிச்ச சதை, சுத்தி வீக்கம். எதனாலன்னு தெரியலை. இன்னும் ஆழமா, பெரிசா வெட்டி அனுப்பச் சொல்லணும்."

வெளியே பெஞ்சில் காத்திருந்த டீச்சரின் கணவர் யக்ஞநாராயணன் அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். "அடையாறுக்கா சார்?" என்றார். அடையாறு என்றால் கேன்சர் ஆஸ்பத்திரி. யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னாலேயே டீச்சரும் வந்தார். "நாக்கில இன்னும் வெட்டினா பாடம் எடுக்க முடியுமா?" என்று மட்டும் ஹில்டாவிடம் கேட்டார்.

ஹில்டா, "சார், அரை மணி நேரம் குடுங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து புட்டியை இறக்கினார். பார்மலினைக் காஸ் துணியில் வடிகட்டினார். துணியில் எதுவும் தங்கவில்லை. பஞ்சு பாக்கி இருந்தது. எக்ஸ்ரே ஃபிலிம் சுற்றி வரும் கறுப்புத் தாளின்மேல் கண்ணாடித் தட்டை வைத்து, தண்ணீர் ஊற்றி, பஞ்சை இழை இழையாகப் பிரித்தார். தட்டின் அடியில் வெந்த ஜவ்வரிசி போல ஒன்று கிடந்தது. சுருங்கிய பை, உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி.

அதை அவர் முன்பே பார்த்திருந்தார், ஆனால் ஆஸ்பத்திரியில் அல்ல. கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி வாங்கினால் அவருடைய அம்மா துண்டு துண்டாக வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார். ஜவ்வரிசி தென்பட்டால் கறி அப்படியே கடைக்குத் திரும்பிவிடும்.

வெள்ளைப் புள்ளியை இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நான்கு உறிஞ்சு வாய்கள். நடுவே வட்டமாகக் கொக்கிகள். நாடாப்புழுவின் குஞ்சு.

வைத்தீஸ்வரன் வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "அடையாறு வேண்டாம். வெட்டி எடுத்ததே வைத்தியம். கண்ணையும், தொடை எக்ஸ்ரேயும் பார்த்துடலாம், வேற எங்கயாவது இருக்கான்னு."

பன்றியிடமிருந்து வரும் புழு என்று கேட்டதும் யக்ஞநாராயணன் எழுந்துவிட்டார். "நாங்க வெங்காயம்கூடச் சேர்க்கறதில்லை, மேடம்! வேற யாரோட புட்டியோ மாறிப்போச்சு."

"மாறல சார். கறி சாப்பிட்டா புழு வயித்துல வளரும். இது அப்படி வந்ததில்ல. அந்தப் புழு இருக்கறவங்க வெளிக்குப் போனா முட்டை மண்ணுல விழும், அது கீரையில ஒட்டிக்கும்; முழுங்கினா குஞ்சு சதையில போய்த் தங்கும். டீச்சர் எதையாவது பச்சையா சாப்பிடுவீங்களா?"

"கொத்தமல்லி" என்றார் சுந்தரவல்லி. "ஆயும்போதே வாயில போட்டுப்பேன்."

"கழுவாமலா?" என்றார் கணவர்.

"பன்னியோ யானையோ, கேன்சர் இல்லைதானே? நீங்க உட்காருங்கோ." ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் டீச்சர் சிரித்தார்.

கண்ணிலும் தொடையிலும் எதுவும் இல்லை. முட்டை வீட்டிலிருந்தே வந்ததா என்று பார்க்க, வீட்டில் எல்லோருடைய மலமும் மூன்று நாள் தீப்பெட்டியில் வந்தது. முதல் நாள் பெட்டியை யக்ஞநாராயணன் கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள் பைக்குள் வைத்து நீட்டினார். புழு யாருக்கும் இல்லை.

புண் ஆறி, கடைசியாகக் காட்ட வந்த அன்று டீச்சர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "கேளுங்க" என்று, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரா என்று தொடங்கித் தாமிரபரணி வரை ஒரே மூச்சில் சொன்னார். எங்கும் நாக்கு தடுக்கவில்லை.

துடைப்பத்தோடு நின்ற எல்லம்மா, "நல்லாத்தான் பேசுது" என்றாள். "அக்கா, கையெழுத்துகூட ஆயிடுச்சு. அந்தப் புட்டியக் கொட்டிரட்டா?"

"கொட்டு" என்றார் ஹில்டா. "வடிகட்டிக் கொட்டு."