காலிப் படகும் என் தனி கார்டும்

திரில்லர் படத்தின் முதல் நாலு நிமிஷம் உங்களைப் பயமுறுத்துவதற்காக, உதவி இயக்குநர் என்றொரு ஜீவன் நாலு மாசம் பயந்து சாகிறது. நீங்கள் செய்த வேலைக்கு உங்கள் மேலதிகாரி கைதட்டல் வாங்கியிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நீங்கள் நம்ம ஆள்.

பழவேற்காட்டுக்குக் கிளம்பும்போதே இயக்குநர் சொல்லிவிட்டார். முதல் நாலு நிமிஷம் தயாரிப்பாளர் செல்போனைத் தொடாவிட்டால் டைட்டிலில் என் பெயர் தனி கார்டாக வரும். தொட்டால் நான் ஊருக்குப் பஸ் ஏறலாம்.

புகை

பாதியை மறைத்தால்தான் திகில் என்பது இயக்குநரின் சித்தாந்தம். ஏரியை மறைக்கப் புகை மெஷின் கொண்டுபோனோம். சித்திரை வெயில், நல்ல காற்று. புகை ஏரியை விட்டுவிட்டு எங்களை மறைத்தது. இயக்குநர் இருமிக்கொண்டே "ஆக்‌ஷன்" என்றார். படகு கொடுத்த ஏழுமலை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மார்கழில வந்திருந்தா பனி சும்மாவே கெடச்சிருக்குமே சார், இன்னாத்துக்கு இந்தப் பாடு?"

ஒரே ஷாட்

ஆளில்லாத படகு ஒன்று மெல்ல மிதந்து கேமராவை நோக்கி வரவேண்டும். கட் கிடையாது. வெட்டாமல் காத்திருக்க வைத்தால் பார்ப்பவன் பதறிப்போவானாம்.

பார்ப்பவன் இல்லை, ஏரிக்கரையில் இருந்த கோட்டைக்குப்பம் ஊரே பதறிவிட்டது. முதல் டேக்கில் மீனவர் ஒருவர் வந்து படகைக் கட்டி இழுத்துப் போனார். இரண்டாவதில் வேறொருவர். மூன்றாவதில் நாலு படகு வந்தது. மார்பளவுத் தண்ணீரில் குதித்துக் காலால் துழாவி, "யார் படகுடா? எவன்டா வுழுந்தது?" என்று கத்தித் தேடினார்கள். ஊருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டியவன் அடியேன்தான், மறந்துவிட்டேன். ஷூட்டிங் என்று நான் கூவியதும், நனைந்து நின்ற ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "படகு மட்டும் வருதுன்னா ஆளத் தேடாம கேமராப் பொட்டியப் புடிச்சிக்கினு நிக்கிறியே, நீ இன்னா மனுசன்யா?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நாலாவது டேக்கில் ஷாட்டை எடுத்தோம்.

மியூசிக்

எடிட் செய்த முதல் நாலு நிமிஷத்தைத் தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினோம். இதயத்துடிப்பு மாதிரி மேளம், கிறீச்சென்று வயலின். தயாரிப்பாளர் நாற்பதாவது நொடியில் செல்போனை எடுத்தார். அதைச் சரிசெய்ய இயக்குநர் எனக்கு ஒரு வாரம் கெடு வைத்தார்.

மறுபடி பழவேற்காட்டுக்கு ஓடினேன். முன்பு எங்களுக்குச் சமைத்துப் போட்ட தேசம்மாவிடம் லேப்டாப்பில் காட்டி, எங்கே தப்பு என்று கேட்டேன். இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "காலிப் படகப் பாத்ததும் பயந்தே பூட்டேன் தம்பி, எங்க வூட்டுக்காரரும் மீன் புடிக்கத் தண்ணிலதான போயிக்கீறாரு. அப்பால டமடமன்னு மேளம் வந்திச்சி, சரி, சினிமாதான்னு நிம்மதியா பூடுச்சு."

அமைதி

மேளம், வயலின் எல்லாவற்றையும் தூக்கினேன். படகில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் வைத்தேன். அந்த மூன்றாவது டேக்கில் மைக்கை யாரும் அணைக்கவில்லை. தேடியவர்களின் குரல் அப்படியே பதிவாகியிருந்தது. அதைத் தூரத்தில் கேட்கிற மாதிரி சேர்த்தேன். தயாரிப்பாளர் செல்போனைத் தொடவில்லை. நாலு நிமிஷம் முடிந்ததும், யார் ஐடியா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன் சார், மியூசிக் வேணாம்னு."

என் பெயர் வரத்தான் வந்தது, தனி கார்டாக இல்லை, படம் முடிந்தபின் ஓடும் நன்றிப் பட்டியலில் புகை மெஷின்காரருக்குக் கீழே, தியேட்டரில் லைட்டைப் போட்டு எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது.