சாரத்தை யார் பிரிப்பது?

தேவனாம்பட்டினத்தில் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, படகுக் கயிறு சுற்றித் தொடைச் சதை பிய்ந்துவிட்டது. சிதம்பரத்து டாக்டரம்மா, "கட்டடத்துக்குக் கட்டுற சாரம் மாதிரி உள்ள ஒண்ணு வெக்கிறோம். அதைப் புடிச்சிக்கிட்டு சதை வளரும். ஆராய்ச்சிதான், இலவசம்" என்றார்.

இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம். நான் பெயின்டர், சாரம் கட்டினால் பிரிக்கணுமே!

"பிரிக்க மறுபடி அறுப்பீங்களா? சோதனை எலிக்குப் பதிலா எங்க ஆளா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "பன்றித் திசுவைக் கழுவிச் செஞ்சது, தானா கரைஞ்சிடும். ஆனா சதை வளராமலும் போகலாம்."

"பாத்தியா மச்சான், அவுங்களே சொல்றாங்க. கெளம்பு!"

மச்சான் டாக்டரம்மாவிடம் சம்மதப் படிவத்தையும் பேனாவையும் வாங்கினான். "ஏமாத்துறவங்க இப்படியா சொல்வாங்க? காலு என்னுது. நீ உக்காரு மாமா."

கையெழுத்துப் போட்டான். கால் முழுசாகத் தேறுமா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் போகவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் அடித்துச் சொன்னவர்களை மட்டுமே நம்பியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.