இரண்டு பெட்டி, ஒரு குரல்

வானொலிப் பெட்டிக்கு உரிமம் வாங்க வேண்டும். உரிமத்தில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் பெட்டியும் இருக்க வேண்டும். வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதானால் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். எழுபதுகளின் காரைக்காலில் இந்த விதியைக் கடைசி வரி வரை படித்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரசு அலுவலக எழுத்தருக்கு அதுவும் ஒரு பெருமை.

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கல்யாணமாகி பாரிசுக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. மாதம் தவறாமல் கடிதம் வரும், எல்லாம் மருமகன் கையெழுத்தில்.

"அவ நல்லா இருக்கான்னு அவருதான் எழுதுறாரு. பத்தாவது படிச்ச பொண்ணு, ஒரு வரி எழுதக் கூடாதா தம்பி?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருப்பார். நான் மருமகனின் கடிதத்தையே இன்னொரு முறை படித்துக் காட்டுவேன்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசி ஞாயிறு மாலை, ஐரோப்பாவிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பில், நேயர்கள் பேசும் பகுதியில் அவள் பேசப்போகிறாள்.

என் பழைய வால்வு ரேடியோவில் அந்த நிலையம் கேட்கும், பாதி நேரம். சிற்றலை அப்படித்தான், ஒரு நிமிடம் காதருகே பேசும், மறு நிமிடம் அமுங்கிவிடும். இரண்டு பெட்டிகள் வைத்துக் கேட்டால், ஒன்று அமுங்கும்போது மற்றது பேசும் என்று ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தேன். அக்காவிடமும் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அதை என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அக்கா பெயரில் மனு எழுதி, மூன்று படி எடுத்து அனுப்பினேன். சனிக்கிழமை வரை பதில் இல்லை.

"அனுமதி வர்ற வரைக்கும் எம்பொண்ணு வாயை மூடிக்கிட்டு நிப்பாளா தம்பி?"

"அவரு விதியைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும், நாம தூக்குவோம் வாங்கக்கா" என்றாள் என் மனைவி. தூக்கிவிட்டார்கள்.

அன்று மாலை இரண்டையும் ஒரே ஏரியல் கம்பியில் மாட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் அமுங்கின.

"ரெண்டும் சேந்து தூங்குது. உங்க ஆபீசு மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி.

பத்திரிகையை மறுபடி எடுத்தேன். ஏரியல்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும் என்பதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். விதிகளைக் கடைசி வரி வரை படிப்பவன்! ஞாயிறு காலை, கொல்லைக் கோடியில் நூறடி தள்ளியிருந்த தென்னையிலிருந்து இரண்டாவது கம்பியை இழுத்துக் கட்டினேன்.

மாலையில், நிலையம் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று காட்டும் பச்சை விளக்குகள் இரண்டு பெட்டிகளிலும் மாறி மாறி விரிந்து சுருங்கின. இரு கைகளாலும் இரண்டின் ஒலிக் குமிழ்களையும் பிடித்திருந்தேன். என் பெட்டியில், "அம்மா, எனக்கு எழுதத்தான் சோம்பல்..." என்று தொடங்கிய குரல் அமுங்கியது. அக்காவின் பெட்டி அங்கிருந்தே எடுத்துக்கொண்டது: "...பேசச் சொன்னா நாள் பூரா பேசுவேன்." நடுவில் ஒரு தும்மல்.

"சளி புடிச்சிருக்கு, தலைய ஈரத்தோட முடிஞ்சிருப்பா" என்று அக்கா திட்டத் தொடங்கினார். நான்கு வருடத்தில் அவர் அவ்வளவு நிம்மதியாகத் திட்டி நான் கேட்டதில்லை.

மறு வருடம் எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாவுக்கு மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். தபால்காரர் அக்கா பெயருக்குப் பதிவுத் தபால் ஒன்று கொண்டுவந்தார். மகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

"அட, எழுதக்கூடத் தெரியுது!" என்றார் அக்கா.

உறைக்குள்ளே, பெட்டியைப் பக்கத்து வீட்டுக்கு ஒரே ஒரு நாள் கொண்டுபோக முறைப்படி அனுமதி. தேதியிலும் தவறு கூடாது: அது வந்தது திருவிழாவன்று அல்ல, அன்று தபாலுக்கு விடுமுறை, அதற்கு மறுநாள்.