ஒப்பாரி சிடிக்குப் பெயர் போட்ட நாள்

பழைய சிடியிலிருந்து பாட்டைக் கணினியில் ஏற்றுவது சுலபம்; ஏற்றியது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரையில் ட்ராக் 1, ட்ராக் 2 என்று வரிசையாக நிற்கும். பாடியவர் தெரியாது என்று வரும். ஒவ்வொன்றாகக் கேட்டு நாமே பெயரைத் தட்ட வேண்டும்.

அன்று டெல்லி போகலில், பாட்டு ஏற்றித் தரும் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடை முதலாளி சோப்ராஜி. கணினி முன்னால் நான். தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் மைக் செட் வைத்திருந்து இறந்துபோன ராஜுவின் மனைவி செல்வி. அங்கே எந்தச் சாவுக்கும் முதலில் குரல் எடுக்கும் மாரியக்கா. வீட்டு வேலை செய்யும் பச்சையம்மா.

செல்வி கொண்டுவந்தது மூன்று சிடி, இருபத்து மூன்று ட்ராக். அத்தனையும் ஒப்பாரி. கேம்ப்பில் ஒருவர் இறந்தால், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் ரயிலேறி டெல்லி வருவதற்குள் எரித்து முடித்துவிடுவார்கள். அதனால் ராஜு மைக் வைத்து அழுகையைப் பதிவு செய்து ஊருக்கு அனுப்புவார். தனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். எது யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம். எழுதி வைக்கவில்லை.

அரசாங்கம் கேம்ப்பை இடித்த பிறகு சிலருக்கு டெல்லியின் எல்லையில் நரேலாவில் வீடு, பலருக்கு அதுவும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் போவதற்குள் அவரவருடையதை அவரவர் போனில் ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று செல்வி நினைத்தார். பச்சையம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மஞ்சள் காமாலையில் போன மகள் தேவிக்கு அழுதது. தேவியின் போட்டோவெல்லாம் இடிபாட்டில் போய்விட்டது.

கல்யாணப் பாட்டு

முதல் சிடியில் மூன்றே ட்ராக். உள்ளே போட்டதும் இணையத்திலிருந்து தானாகவே பெயர்கள் வந்து விழுந்தன. நான் சந்தோஷப்படவில்லை. கணினி பாட்டைக் கேட்டுப் பெயர் போடுவதில்லை. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்க்கும். அதே அளவில் வேறு எந்த சிடி இருந்தாலும் அதன் பெயரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். மூன்று ஒப்பாரிக்கும் பஞ்சாபிக் கல்யாணப் பாட்டுகளின் பெயர் வந்திருந்தது.

முதல் ட்ராக் மாரியக்காவின் கணவர் இறந்த அன்று எடுத்தது என்பது மட்டும் செல்விக்கு நினைவிருந்தது. தப்பாக வந்துவிட்டது, மாற்றிவிடுகிறேன் என்று தயங்கிச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார்.

“இருந்துட்டுப் போவட்டும் தம்பி. அந்தாளு போன அன்னிக்குத்தான் எனக்கு நல்ல காலமே பொறந்துச்சு.”

மேலே மருமகள்

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கேட்கக் கூடாது. அதனால்தான் இவர்கள் யார் வீட்டிலும் சிடியைப் போட்டுப் பார்க்கவில்லை. கடையென்றால் பரவாயில்லை என்று வந்தார்கள். ஆனால் மாடியில் சோப்ராஜியின் மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. ஸ்பீக்கரில் முதல் அழுகை எழும்பியதுமே சோப்ராஜி வந்து சுவிட்சை அணைத்தார். கோபப்படவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு ஹெட்போன்தான். ஒருவர் கேட்பார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மாரியக்கா கண்ணைத் துடைக்கத் துடைக்க நான் பெயர்களைத் தட்டினேன். பென் டிரைவில் பாட்டு ஏற்ற வந்து காத்திருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் கேட்டார்.

“பையா, இவ்வளவு அழ வைக்கிற சீரியல் எது? எனக்கும் அதையே போட்டுக் கொடுங்க.”

ஏழு தேவி

மத்தியானத்துக்குள் மாரியக்கா பதினாறுக்குப் பெயர் சொல்லிவிட்டார். மிச்சம் ஏழு. அந்த ஏழிலும் தேவி, தேவி என்றுதான் கேட்டது. ஒரு பெண் எப்படி ஏழு முறை சாவாள்? தேவி இறந்தபோது மாரியக்கா ஊருக்குப் போயிருந்ததால் அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மகள் போன பிறகு எந்தச் சாவுக்குப் போனாலும் அவர் மகளை நினைத்துத்தான் அழுதிருக்கிறார். நல்ல குரல் என்று ராஜு மைக்கை அவர் பக்கமே வைத்திருக்கிறார். செத்தவர் பெயர் மற்றவர்கள் வாயில் வந்தும், அவருடைய குரலுக்கு அடியில் அமுங்கிப்போய்விட்டது. மற்ற ஆறு வீட்டுக்கு எதைக் கொடுப்பது என்று செல்வியின் முகம் மாறியது. மாரியக்காதான் சமாதானம் சொன்னார்.

“சாவு வூட்ல எல்லாரும் அவங்கவங்க ஆளுக்குத்தாண்டி அழுவறோம். இவ கொஞ்சம் சத்தமா அழுதுட்டா.”

கடைசி வரை கேட்டது

பச்சையம்மா ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். சில நொடியில் கழற்றி, இது இல்லை என்றார். அடுத்ததும் அப்படியே. முழுதாகக் கேட்காமல் தள்ளுகிறாரே என்று எனக்குச் சங்கடம். அவசரப்பட்டால் தப்பான பெயர் விழுந்துவிடும், பொறுமையாகக் கேளுங்கள் என்றேன். ஆறு ட்ராக்கையும் அப்படித்தான் தள்ளினார்.

கடைசியாக இருந்ததை மட்டும் முடியும்வரை கேட்டார். இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். அழவில்லை. முடிந்த பிறகும் கழற்றவில்லை. தேவி என்று போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன்.

“போடுங்கண்ணே. இதுலதான் எங்கொரலு இல்ல. அன்னிக்கி எனக்கு வாயே தொறக்கல.”

அதை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். பச்சையம்மாவின் அழுகை தெளிவாகக் கேட்டும் செத்தது யார் என்பது மட்டும் கேட்காத ட்ராக், கடைக் கணினியில் மிச்சம் ஆறு.