கழுத்தில் விட்ட நாலு சொட்டு

பதினாலாவது மாடியில் கம்பிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாலும் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பயம் தெரியாது. அவரைத்தான் மூன்று கிலோ பூனை ஒரு பகல்பொழுதில் ஆட்டிவைத்தது.

பிள்ளையில்லாத வீடு. பூனையை ‘முதலாளி’ என்று கூப்பிடுவார்கள். வீட்டில் அது வைத்ததுதான் சட்டம். ஒரு மாதமாக அது வாலடியையும் கழுத்தையும் பிறாண்டிக்கொண்டே இருந்தது. முடி கொட்டி, தோல் சிவந்து, சின்னச் சின்னதாகப் பொருக்குத் தட்டியிருந்தது. டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு மனைவி நூற்பாலைக்குக் கிளம்பினாள். லீவு நாளில் அலைய அவருக்குச் சோம்பல். பக்கத்து வீட்டுக்காரர் தன் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கொடுத்து, நாய்க்குக் கேட்டது பூனைக்குக் கேட்காதா என்றார். மெக்கானிக்கும் அதை நம்பிப் பூனையின் கழுத்தில் நாலு சொட்டு விட்டார்.

மூன்று மணி நேரத்தில் பூனையின் காது வெட்டி இழுத்தது. பிறகு முதுகு, பிறகு கால்கள். எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்தது. விரிந்த கண்களால் அவரையே பார்த்தது. அவர் போனில் டாக்டரம்மாவின் நம்பரை இரண்டு தரம் தப்பாக அழுத்தினார்.

“நாய் மருந்தா போட்டீங்க?” டாக்டரம்மாவின் குரல் மாறியது. “அது பூனைக்கு விஷம். நக்க விடாம துண்டுல சுத்தி உடனே எடுத்துட்டு வாங்க. பாட்டிலையும் கொண்டாங்க.”

ஆட்டோவில் வழியெல்லாம் மடியில் அது உதறிக்கொண்டே வந்தது. உதறல் நின்றபோதெல்லாம் துண்டை விலக்கி, மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார். ஆஸ்பத்திரியில் கழுத்து மருந்தைக் கழுவி, ஊசி போட்டு, உள்ளே கொண்டுபோனார்கள். இன்றிரவு தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா.

வேலை முடிந்து மனைவி ஆஸ்பத்திரிக்கே வந்தாள். அவள் கேட்கும் முன் அவரே சொன்னார்.

“நான்தான் போட்டேன்.”

அவள் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியை விட்டு இன்னொன்றில் போய் உட்கார்ந்தாள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

பூனை பிழைத்தது. மூன்றாம் நாள் டாக்டரம்மா அதன் முடியைச் சீப்பால் வாரி, உதிர்ந்த கருப்புத் துகளை ஈரப் பஞ்சில் தேய்த்துக் காட்டினார். பஞ்சு செந்நிறமானது. ரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதன் கடி ஒத்துக்கொள்ளாமல்தான் இத்தனை அரிப்பு. மெத்தை, விரிப்பெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். பூனைக்கென்றே உள்ள மருந்தை எடை பார்த்து மாதம் ஒருமுறை விட வேண்டும்.

வீட்டில் மனைவி அந்தப் புது மருந்தை அவர் கையில் வைத்தாள்.

“நீங்களே போடுங்க.”

அட்டையை மூன்று தரம் படித்தார். கழுத்தில் விட்டுவிட்டு, சாயங்காலம் வரை பூனையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.