ஜெனிற்றாவின் ஆறு வேலைகளுக்கு முன்னால் நின்றவை

இன்று காலை பதினொரு மணிக்கு ஓர் அழைப்பு.

"அக்கா, என்ர வேலை ஒண்டையும் காணேல்லை!"

பேசியது ஜெனிற்றா. நெடுந்தீவுப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்கிறாள்.

அவளுடைய ஆய்வுக்குழுவின் கிளவுட் கணக்கைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். நாரந்தனையில், வீட்டில் இருந்தபடியே. (குசினிக்கும் அலுவலகத்துக்கும் இடையே பதினொரு அடி.)

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பெரிய கணக்கீடுகளை எங்கள் லப்டொப்பில் செய்ய முடியாது. எங்கோ தொலைவில் இருக்கும் வாடகை இயந்திரங்களுக்கு அனுப்புவோம். அப்படி அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் பெயர் 'வேலை'. எங்களுக்கு ஒரே நேரத்தில் பத்து வேலைகள்தான் ஓடும். மற்றவை வரிசையில் காத்து நிற்கும்.

"நீர் இப்ப எங்க நிக்கிறீர்?"

"குறிகட்டுவான் இறங்குதுறையில. ரெண்டரைப் படகில போறன். நாலு மணிக்கு ஊரில கூட்டம்."

"என்ன கூட்டம்?"

"பொதுக் கிணறு வெட்டுறதுக்கு. மிசின் நேற்றே வந்திட்டுது. பள்ளிக்கூடத்தடியில வெட்டுவம் எண்டு நிக்கினம். போன முறையும் இப்பிடித்தான் கண்ட இடத்தில வெட்டினவை, ரெண்டு மாசத்தில உப்பாப் போச்சு. மாடும் வாய் வைக்கேல்லை! நான் ஆறு இடத்துக்குக் கணக்குப் போட்டு அனுப்பினனான். முடிவோட போனால்தான் கேப்பினம். அங்க சிக்னலும் இல்லை, பிறகு எடுக்க ஏலாது."

"லிஸ்ட்டில என்ன காட்டுது?"

"பத்து வேலை ஓடுது. ஒண்டும் என்ர இல்லை. காலமை ஒன்பது மணிக்கு கம்பஸில இருந்து அனுப்பினது. அழிஞ்சு போச்சோ அக்கா?"

அழியவில்லை. அந்தப் பட்டியல் அப்படித்தான். நாம் எதையும் கேட்காவிட்டால், ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் காட்டும். காத்து நிற்பதைப் பற்றி மூச்சும் விடாது.

"மேல 'நிலை' எண்டு ஒரு பெட்டி இருக்கு. அதை 'காத்திருப்பவை' எண்டு மாத்திப் பாரும்."

கடற்காற்று இரைய, அவள் மாற்றினாள்.

"இருக்கு! ஆறும் இருக்கு! ஆனா கடைசியில நிக்குது. முன்னால நூற்று நாற்பது வேலை நிக்குது. ஆற்ற அக்கா இவ்வளவும்?"

அவளுடைய திரையில் அனுப்பியவர் பெயர் தெரியாது. என்னுடையதில் தெரியும்.

பார்த்தேன். நூற்று நாற்பதும் என்னுடையவை.

வரிசை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, காலை ஏழு மணிக்குச் சோதனை வேலைகள் முப்பது அனுப்பியிருந்தேன். முப்பது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பூச்சியம் கூடி முன்னூறு போயிருக்கிறது. அனுப்பிவிட்டுப் புட்டவிக்கப் போனவள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஜெனிற்றாவின் முறை வரும்போது நேரம் இரண்டரை. படகு வெளிக்கிடும் நேரம்.

'ஆரோ அனுப்பியிருக்கினம், நான் பாக்கிறன்' என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது உண்மை.

"என்ர, ஜெனிற்றா. முப்பது போட வெளிக்கிட்டு முன்னூறு போட்டிட்டன்."

அவளுக்குப் பின்னால் யாரோ சாமான் ஏற்றச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"அப்ப நிப்பாட்டுங்கோவன்," என்றாள். குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதுதான் சுட்டது.

என் வேலைகளின் பெயர்கள் எல்லாம் 'சோதனை' என்று தொடங்குபவை. அனுப்பியவரை வைத்து வடிகட்ட அந்தத் திரையில் வழி இல்லை; அதனால் வேலையின் பெயரைக் கொடுத்து வடிகட்டினேன். காத்திருப்பவை அத்தனையையும் ஒரே சொடுக்கில் தெரிவு செய்தேன். நிறுத்தும் பொத்தானுக்குக் கையைக் கொண்டு போனேன்.

மூலையில் ஓர் எண். நூற்று நாற்பத்தாறு.

நூற்று நாற்பதுதானே இருந்தது?

"ஜெனிற்றா, உம்மட வேலைக்கு என்ன பேர் வைச்சனீர்?"

"சோதனைக் கிணறு ஒண்டு, சோதனைக் கிணறு ரெண்டு... ஏன் அக்கா?"

கையை எடுத்துவிட்டேன்!

அழுத்தியிருந்தால் அவளுடைய ஆறும் சேர்ந்து போயிருக்கும். தரவெல்லாம் கம்பஸ் கொம்பியூட்டரில். இறங்குதுறையில் நின்றுகொண்டு மறுபடி அனுப்ப வழியே இல்லை.

பெயரை விட்டுவிட்டு, அனுப்பிய நேரத்தைக் கொடுத்து வடிகட்டினேன். காலை எட்டு மணிக்கு முன் அனுப்பியவை மட்டும். இப்போது காத்திருந்தவை சரியாக நூற்று நாற்பது. முதலாவது வரியிலிருந்து கடைசி வரை கண்ணால் ஒருமுறை ஓடினேன். 'கிணறு' என்ற சொல் எங்கும் இல்லை.

அழுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த என்னுடைய பத்தையும் நிறுத்தினேன்.

"என்ர ஆறும் ஓடுது!" என்றாள்.

அதன்பின் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஆனாலும் கதிரையை விட்டு எழும்ப மனம் வரவில்லை. பட்டியலைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானச் சாப்பாடும் இல்லை.

ஒன்றரைக்குள் ஐந்து முடிந்தன. ஆறாவது முடியவில்லை. ஆறாவதுதான் பள்ளிக்கூடத்தடி!

இரண்டே காலுக்கு அழைத்தாள். "அக்கா, எல்லாரும் ஏறினம். நான் கடைசியா ஏறுறன்."

இரண்டு இருபதுக்கு அதுவும் முடிந்தது. நான் எண்களை வாசிக்க வாசிக்க, அவள் படகில் இருந்தபடி கொப்பியில் எழுதினாள். பள்ளிக்கூடத்தடி ஒரு வருசத்துக்குள் உப்பாகும். மேற்குப் பக்கம் இரண்டு இடங்கள் தாங்கும்.

கடைசி எண்ணை எழுதி முடித்தாளா இல்லையா தெரியாது. இயந்திரச் சத்தத்தில் அழைப்பு அறுந்துவிட்டது.

பின்னேரம் ஆறரைக்கு, எங்கோ சிக்னல் பிடித்து, ஒரு செய்தி அனுப்பினாள்.

"ரெண்டு மணித்தியாலம் சண்டை. கடைசியில கொப்பியை வாங்கிப் பாத்தவை. நாளைக்கு மிசின் மேற்குப் பக்கம் போகுது!"

சந்தோசம் என்று எழுதினேன். காலையில் நடந்ததற்கு மன்னிக்கச் சொல்லியும் எழுதினேன்.

பதில் வந்தது:

"பரவாயில்லை அக்கா. இனி உங்கட சோதனையை ஞாயிற்றுக்கிழமையில போடுங்கோ. நான் பூசைக்குப் போயிருப்பன்."